காவலன் கேட்கும் கேள்வி சரிதானா?

குப்பை அஞ்சலைப் பிரித்தெடுக்க ஒரு மென்பொருள். கணிப்பொறியின் போக்குவரத்தைக் காவல் காக்க ‘ஃபயர்வால்’ என்னும் மற்றொரு மென்பொருள். தனித்தனியே நோக்கினால் இரண்டும் பாராட்டுக்குரியவை. ஆனால் ஒரே கணிப்பொறியில் இரண்டையும் சேர்த்து இயக்கும்போது, முதலாவதற்குக் கொடுக்கும் அனுமதி இரண்டாவதன் காவலைத் தளர்த்திவிடக்கூடும். இக்குறை எங்கே பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் துணையுடன் ஆராய்வோம்.

2002-ஆம் ஆண்டில் ஜான் கிரஹாம்-கம்மிங் ‘பாப்ஃபைல்’ என்னும் அஞ்சல் வடிகட்டியை உருவாக்கினார். கடிதத்தில் உள்ள சொற்களைக் கொண்டு, அது எவ்வகைக் கடிதம் என்பதை நிகழ்தகவு முறையில் இது கணிக்கும். 1763-இல் அச்சேறிய பேயிஸ் தேற்றமே இதன் அடிப்படை. பயன்படுத்துவோர் பிழைகளைத் திருத்தத் திருத்த, வடிகட்டியும் கற்றுக்கொள்ளும். இவ்வகையில் இது சிறந்த படைப்பே.

இது இயங்கும் முறை கவனிக்கத்தக்கது. கடிதங்களைப் படிக்க உதவும் அஞ்சல் நிரல், வெளியே உள்ள அஞ்சல் சேவையகத்தை நேரே அழைப்பதில்லை. 127.0.0.1 என்னும் முகவரியை அழைக்கிறது. இது கணிப்பொறி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரியாகும். அங்கே 110 என்னும் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும் பாப்ஃபைல், அழைப்பை ஏற்று, வெளியே சென்று கடிதங்களைப் பெற்று, வகைப்படுத்தி ஒப்படைக்கிறது. சுருங்கச் சொன்னால் இது ஓர் இடைத்தரகர்.

இனி ஃபயர்வாலைக் காண்போம். அந்நாளில் பலர் பயன்படுத்திய ‘சோன் அலாரம்’, ஒரு நிரல் முதன்முறை இணையத்தை நாடும்போது அதை நிறுத்தி, அனுமதிக்கலாமா என்று கேட்டது. அந்நிரல் பிறருடைய அழைப்பை ஏற்கும் சேவையகமாக இயங்க முயன்றால் அதற்கும் தனியே அனுமதி கேட்டது. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ‘சர்வீஸ் பேக் 2’ உடன் வந்த ஃபயர்வால் உள்ளே வருவதை மட்டுமே தடுத்தது. வெளியே செல்வதையும் கண்காணித்த சோன் அலாரம் இதில் ஒரு படி மேல் எனலாம்.

குறை யாதெனில், காவலன் ‘யார்’ என்று கேட்கிறானே அன்றி, ‘யாருக்காக’ என்று கேட்பதில்லை. பாப்ஃபைலிடம் பயனர் பெயரோடு சேவையகத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், அது அந்தச் சேவையகத்தை அழைக்கும். அழைப்பது அஞ்சல் நிரலா, கணிப்பொறியில் ஒளிந்திருக்கும் தீய நிரலா என்பதை அது அறியாது. தீய நிரல் நேரே வெளியேற முயன்றால் காவலன் பிடித்துவிடுவான். தரகர் வழியாகச் சென்றாலோ, ஏற்கெனவே அனுமதி பெற்ற தரகரின் பெயரே அவனுக்குத் தெரிகிறது. வேலியில் வைத்த படல் வீட்டுக்காரருக்கு மட்டும் திறப்பதில்லை அல்லவா?

பயனரின் நிலையும் இரங்கத்தக்கது. ‘சேவையகமாக இயங்க விடலாமா?’ என்ற கேள்வியின் பொருள் அவருக்கு விளங்குவதில்லை. மறுத்தால் அஞ்சல் நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்கிறார். இதற்கு அவரைக் குறை கூறுவது முறையன்று. விடை சொல்ல இயலாத கேள்வியைக் கேட்டவர்களே பொறுப்பாளிகள்.

அமைப்பைச் செம்மை செய்ய மூன்று விதிகள் போதும். முதலாவது, வடிகட்டி 127.0.0.1 முகவரியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்க வேண்டும். இணையத்திலிருந்து வருபவற்றை ஏற்கக் கூடாது. இரண்டாவது, வெளியே நமது அஞ்சல் சேவையகத்தின் முகவரிக்கும், அதன் அஞ்சல் வாயிலுக்கும் மட்டுமே அது செல்லலாம். மூன்றாவது, அஞ்சல் நிரல் கடிதங்களைப் பெற வடிகட்டியை மட்டுமே அணுக வேண்டும். இரண்டாம் விதி இருந்தால், தரகரைத் தீய நிரல் பிடித்தாலும் அது நினைத்த இடத்துக்குச் செல்ல இயலாது. முகவரியையும் வாயிலையும் குறிப்பிட இடமளிக்காமல், நிரலின் பெயருக்கு மட்டும் அனுமதி கேட்கும் ஃபயர்வாலில் இவ்விதியை எழுதவே வழியில்லை. இது சிறு குறையன்று.

இன்று குப்பை அஞ்சலைப் பெரும்பாலும் சேவையகங்களே பிரித்துவிடுகின்றன. எனினும் அஞ்சலைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில, இதே தரகர் முறையில் இயங்குகின்றன. அத்தகைய ஒன்றை நிறுவும் மாணவர்கள், ‘இது யாருடைய அழைப்பை ஏற்கிறது? எங்கே செல்கிறது?’ என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அனுமதிப் பொத்தானை அழுத்துவது நலம்.