ஒட்டாததை ஒட்டும் வித்தை

அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்ற வரும் லாரிகளில், முகப்பில் எழுதிய குலதெய்வத்தின் பெயரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே குனிந்து பார்க்கத்தான் ஆசை. கைவேலை அங்கேதான் இருக்கிறது.

நாமக்கல் பக்கம் கட்டிய மரப் பாடியில், இரும்பு சேஸிஸின் முதுகில் நீளமாக ஒரு மரச்சட்டம் படுத்திருக்கும். யூ போல்ட் இரண்டையும் கவ்விப் பிடித்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸிஸ் முறுக்கும். மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கரூரில் கட்டும் பஸ்ஸில் கதை வேறு. இரும்புக் கூட்டின் மேல் அலுமினியத் தகடு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், இரும்பு சுமார் 1,500-இல். சாதாரண வெல்டிங்குக்கு இந்த ஜோடி மசியாது. அதனால்தான் வரிசை வரிசையாக ரிவெட். வெயிலில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவே மழைத்தண்ணீர் தேங்கினால் இரண்டும் சேர்ந்து பேட்டரியாகவே வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம், வெள்ளைப் பொடியாக. கை தேர்ந்தவர்கள் இரும்புக்குப் பிரைமர் அடித்து, இடையில் ரப்பர் பட்டையோ சீலன்டோ கொடுத்த பிறகே தகட்டை ஏற்றுவார்கள். சம்பந்திகளைப் போல, கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் உறவு நிலைக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், ரிவெட்டைச் சுற்றிக் கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.