13 வயதில் போடும் மதிப்பெண்

திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானம். காலை ஏழு மணிக்கே 13 வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து செலக்‌ஷன் தொடங்கிவிட்டது. நெஞ்சில் ஊக்கால் குத்திய எண் துணியோடு பையன்கள் வரிசையில் நின்றார்கள். அரும்புமீசை முளைத்த ஒருவன் தோளால் இடித்தால் எதிரே வருபவன் சுருண்டு விழுந்தான். காசிமேட்டிலிருந்து வந்த ஒல்லிப் பையன் ஒருவன், அண்ணனுடைய பூட்ஸுக்குள் துணி திணித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இருபது நிமிட ஆட்டத்தில் அவன் காலுக்குப் பந்து நான்கு முறை வந்தது. நான்கு முறையும் பந்து வருமுன்பே தலையைத் திருப்பிப் பார்த்து, ஆளில்லாத இடத்துக்குத் தட்டிவிட்டான். பட்டியலில் மீசைக்காரன் பெயர் இருந்தது. இவன் பெயர் இல்லை.

தேர்வு செய்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பையன்கள், கையில் அரை நாள். ஓட்டத்தையும் தாண்டலையும் அளப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது: ஸ்டாப்வாட்சுக்குச் சிபாரிசு தெரியாது. வடசென்னைப் பையனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் 13 வயதில் ஸ்டாப்வாட்ச் காட்டுவது அதுவரை வந்த வளர்ச்சியை. இனி வரப்போகும் ஆட்டத்தை அல்ல. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள். அந்தப் பதினொரு மாதம் அந்த வயதில் உயரத்திலும் தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி 1985-இலேயே சுட்டிக்காட்டினார்.

அமெரிக்காவில் அவர்களுடைய ஃபுட்பாலுக்குப் பள்ளி மாணவர்களை நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். ஆண்டுக்கு முப்பது பேரை ஒட்டித்தான் ஐந்து நட்சத்திரம். அவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆனாலும் தொழில்முறை லீகான என்எஃப்எல் களத்தில் ஆடுவோரில் பெரும்பாலோர் மூன்று நட்சத்திரமோ அதற்குக் கீழோ பெற்றவர்கள். இரண்டு நட்சத்திரம் மட்டுமே பெற்ற ஜே.ஜே. வாட் மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். மேலே வைத்தவனை நம்பலாம், கீழே வைத்தவனைத் தள்ளிவிட முடியாது என்பதே இதில் கிடைக்கும் கணக்கு. அதுவும் அங்கே 17, 18 வயதில், பல ஆட்டங்களைப் பார்த்துப் போடும் மதிப்பெண்.

நம் நாட்டுக் கதையும் அதுதான். 2017 யு-17 உலகக் கோப்பைக்கு முன் அதிகம் பேசப்பட்டவர், முந்தைய ஆண்டு பிரேசிலுக்கு எதிராக கோல் அடித்த கோமல் தாடால். போட்டிக்குச் சில மாதங்கள் முன்புதான் மினர்வா அகாதெமியிலிருந்து ஜீக்சன் சிங்கும் அன்வர் அலியும் அணிக்கு வந்தார்கள். கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவர் ஜீக்சன். பின்னால் ஜீக்சன், அன்வர் இருவரும் சீனியர் அணியில் ஆடினார்கள்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. தேர்வானவனுக்கு விடுதி, முட்டை, பால், தினமும் கோச். நான்கு ஆண்டு கழித்து அவன்தான் நன்றாக ஆடுவான். உடனே கணிப்பு பலித்தது என்கிறோம். பலிக்க வைத்ததில் பாதி அந்தச் சாப்பாடும் மைதானமும். விடுபட்டவன் இழப்பது ஆட்டத்தை மட்டுமா? பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கென 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம்; எல்லாவற்றுக்கும் சர்டிபிகேட் வேண்டும். மாநில அணிக்குப் போகாதவன் கையில் அது ஏது?

வியாசர்பாடியில் 1997-இல் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் படிப்போடும் பந்தோடும் சேர்த்துப் பிடித்து வைத்தார்கள். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ், 2018 மார்ச் 13 அன்று நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார்; சென்னையின் எஃப்சி அந்த ஆண்டு ஐஎஸ்எல் பட்டம் வென்றது. அடுத்த சீசனை முழங்கால் காயம் தின்றது. அதை எந்த மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

செலக்‌ஷனை நிறுத்தச் சொல்லவில்லை. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். ஒரு நாள் பார்த்து முடிக்காமல் மூன்று ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள். 16 வயதில் இன்னொரு முறை கதவைத் திறந்து, முதல் முறை விடுபட்டவர்களுக்குப் பெயர் சொல்லி ஆள் அனுப்புங்கள்.