ஒரு பழம், இரண்டு டிகாக்ஷன்

கரடியூரில் விடியற்காலையில் எங்கள் வீட்டில் இரண்டு டிகாக்ஷன் தயாராக இருக்கும். அடுக்களையில் பில்டரில் இறங்கியது ஒன்று. பின்கட்டில், வாளிக்குள் இரவெல்லாம் குமிழி விட்டது இன்னொன்று; அது செடிகளுக்கு. இரண்டுக்கும் காப்பிப் பழம்தான் மூலம். கொட்டை நமக்கு, தோல் தோட்டத்துக்கு.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் எங்கள் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம், பழத்தை உரிக்கும் பல்ப்பரில் தோலாகக் கழிந்துவிடும். ஓடையில் கொட்டினால் தண்ணீர் நாறிப்போகும். தையில் அதைச் சாணத்தோடும் சில்வர் ஓக் சருகோடும் குவித்து, அவ்வப்போது புரட்டிவிட்டால், வைகாசி வாக்கில் கறுத்து உதிரியாகிவிடும். புளித்த வாடை துளியும் மிஞ்சக் கூடாது. கையில் அள்ளினால் முதல் மழைக்கு மண் விடும் மணம் வரவேண்டும். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்தான் அந்த மணத்தைத் தருகிறது. ஆய்வுக்கூடம் இல்லாத நமக்கு, உரம் மக்கியதற்கு அதுவே சான்று.

இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப்போன அமிர்தக் கரைசலும், கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும் பச்சைச் சாணத்தில் தொடங்குபவை. பஞ்சகவ்யம் முதிர ஒரு மாதம் வேண்டும். என் வாளியில் இருப்பதோ கம்போஸ்ட் டீ; மக்கி முடிந்த உரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் இறக்குகிற சாறு. எனக்கு இதன் மென்மை பிடிக்கும்.

வாளியில் 15 லிட்டர் கிணற்று நீர் அல்லது மழைநீர் எடுப்பேன். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர்தான் கிடைக்குமென்றால் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். எந்த உயிரை வளர்க்கப் பார்க்கிறோமோ அதையே குளோரின் கொன்றுவிடும். ஒரு கிலோ உரத்தைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து தொங்கவிட்டு, நெல்லிக்காய் அளவு வெல்லத்தைக் கரைப்பேன். கூடுதல் வெல்லம் ஆபத்து. நுண்ணுயிர்கள் வெறிகொண்டு பெருகி, நீரில் இருக்கும் காற்றையெல்லாம் தீர்த்துவிடும். பிறகு மீன் தொட்டி மோட்டாரின் குழாயை வாளியின் அடிவரை இறக்கிவிடுவேன். இந்த டிகாக்ஷனுக்குக் காற்றுதான் அடுப்பு. நடுராத்திரி மின்சாரம் நின்றால் அந்தச் சலசலப்பு அடங்குவதிலேயே விழிப்பு வந்துவிடும். எழுந்து போய்க் குச்சியால் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சித்திரை, வைகாசியில் ஒரு நாள் போதும். மார்கழிக் குளிரில் ஒன்றரை நாளும் ஆகும். நுரை பொங்குவதைப் பார்த்துச் சிலர் பூரித்துப்போவார்கள். நுரையை நான் நம்புவதில்லை. பதம் வந்தால் நிறம், பில்டரில் இரண்டாம் முறை இறக்கிய காப்பி டிகாக்ஷனைப் போலத் தெளிந்த பழுப்பு. மணத்தில் மண்ணும், வெல்லத்தின் கடைசிச் சாயலும். வெல்லம் தூக்கலாக மணந்தால் இன்னும் ஆகவில்லை. சாக்கடை நெடி ஒரு கீற்று வந்தாலும் அந்த வாளி செடிக்கு ஆகாது.

மோட்டாரை நிறுத்தியதும் நான்கைந்து மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். வெயில் இறங்கியதும் ரோஜாவின் வேருக்கும் மேரக்காய்ப் பந்தலின் அடிக்கும் போகும். பூச்சி, நோய் எல்லாம் ஓடிவிடும் என்கிறார்கள். ஆய்வுகள் ஒரே குரலில் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். உரத்துக்கு இது மாற்றும் அல்ல. சரியாக மக்காத சாணத்தில் கெட்ட கிருமி இருந்தால் வெல்லம் அதையும் சேர்த்தே வளர்க்கும். அதனால் கொத்தமல்லி, புதினா இலைகள் மேல் தெளிப்பதே இல்லை.

துணியில் மிஞ்சிய சக்கை பட்டர்ஃப்ரூட் கன்றைச் சுற்றிப் போகும். வாளியில் வழவழவென்று ஒட்டிய படலத்தை விட்டுவைத்தால் அடுத்த முறை நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும். பில்டரைக் கழுவுகிற கையோடு வாளியையும் குழாயையும் தேய்த்துக் கழுவி, வெயில் விழும் கல்லின் மேல் கவிழ்த்துவிடுவேன்.