நிற்கத் தெரிந்த ரயில்

ஓலே லாங்கே உருவாக்கிய நோலிமிட்ஸ் போன்ற ரோலர் கோஸ்டர் சிமுலேட்டரில் வளைவுகளையும் தலைகீழ்ச் சுழல்களையும் இழைத்து இழைத்து வரைகிறவர்கள், பாதையைப் பிளாக் எனும் பகுதிகளாகப் பிரிக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கோ அங்கேதான் ருசி.

இதன் விதி ரயில்வேயிலிருந்து வந்தது. ஒரு பிளாக்கில் ஒரே ரயில். முன் பிளாக் காலியாகாமல் பின்னால் வருவதை விடக் கூடாது. ஆகவே ரயில்களின் எண்ணிக்கை பிளாக்குகளைவிட ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும். 4 பிளாக்கில் 4 ரயில் விட்டால் மோதல் நடக்காது. ஒன்றுக்கொன்று மரியாதையாக வழிவிடக் காத்துக்கொண்டு அத்தனையும் அப்படியே நின்றுவிடும்! இதைவிட நாகரிகமான கோளாறை நான் பார்த்ததில்லை.

பிளாக்கின் முடிவில் ரயிலை நிறுத்தும் பிரேக் தளம் ரயிலைவிடக் குட்டையாக இருந்தால், வால் பெட்டி முந்தைய பிளாக்கிலேயே கிடக்கும்; அடுத்த ரயில் ஏற்றச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு நிற்கும். சமதளத்தில் பிரேக் வைத்துவிட்டுத் தள்ளும் சக்கரங்களை மறந்தாலோ, பாதை காலியான பிறகும் ரயில் அசையாது.

கள்ளத்தனமானது நடுவழி பிரேக். ரயில் அங்கே நிற்காதவரை எல்லாம் சரியாகவே தெரியும். முன்னால் போனது தாமதித்து, இது ஒருமுறை நின்று கிளம்பினால் தெரியும் சங்கதி: வேகம் போதாமல் அடுத்த மேட்டைத் தாண்ட முடியாது, பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி அடங்கும். இந்தக் குறையை எந்த எச்சரிக்கை விளக்கும் காட்டித் தராது.

புதிதாக வரைகிறவர்களே, நடுவழி பிரேக்கில் ரயிலை முழுதாக நிறுத்தி, பிறகு விட்டுப் பாருங்கள். நிலையம்வரை வந்து சேர்ந்தால்தான் உங்கள் கோஸ்டர் தேறியது.