ஒரு பத்திரம் எத்தனைக் கடனுக்கு ஈடு?

வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்குகிறவர் கையெழுத்திடும் அச்சுப் படிவங்களில் ஒரு நீண்ட வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். இதுவரை வாங்கிய கடன், இனி வாங்கப்போகும் கடன், தனியாகப் பட்டது, கூட்டாகப் பட்டது, பிறருக்கு ஜாமீன் நின்றதால் வந்த பொறுப்பு என எல்லாவற்றுக்கும் இந்தச் சொத்தே ஈடு என்பது அதன் சாரம். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு மூலப்பத்திரத்தைக் கேட்கும்போதுதான் அதன் வீச்சு புரியும். மைத்துனரின் அரிசி ஆலைக்கு எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்தைக் காட்டி, அந்தப் பாக்கியும் தீர்ந்தால்தான் பத்திரம் என்று வங்கி சொல்லிவிடலாம்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு, கொடுத்த கடன், கொடுக்கப்போகும் கடன், ஏற்கெனவே உள்ள கடன், பணப்பொறுப்பை உண்டாக்கக்கூடிய ஒப்பந்தக் கடமை ஆகிய அனைத்துக்கும் அடமானம் செல்லும் என்கிறது. பழைய கடனும் ஜாமீனும் இதில் அடங்கிவிடுகின்றன. ஆகவே, அவற்றைச் சேர்க்கலாமா என்பதைவிட, இந்த மனிதர் உண்மையில் சேர்த்தாரா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வி.

1964இல் கே. ஜே. நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விடையை இன்று படித்தாலும் மதிப்புத் தோன்றுகிறது. கடன், பத்திர ஒப்படைப்பு, அந்தப் பத்திரம் இந்தக் கடனுக்கு ஈடு என்ற எண்ணம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பத்திரம் முன்பே கடன்கொடுத்தவர் கையில் இருந்தால், அதைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுக்கும் சடங்கு தேவையில்லை. அதே சமயம், பத்திரம் அவரிடம் இருக்கிறது என்பதாலேயே அடமானம் உண்டாகிவிட்டதாகச் சட்டம் அனுமானித்துவிடாது. எண்ணம் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் வைத்தே பார்க்க வேண்டும். ஓவர்டிராஃப்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சிறு வியாபாரிக்கு இந்த நெகிழ்வு பெரிய உதவி. குடும்ப நிறுவனத்தின் கடனுக்கு அதன் இயக்குநர் ஜாமீன் போட்டு, தன் வீட்டுப் பத்திரத்தையும் வைத்த இடத்தில் எண்ணம் வெளிப்படையானது. அங்கே சொல்லுக்குச் சொல் சட்டம் பேசினால், ஏய்ப்பவருக்குத்தான் வழி திறக்கும்.

குறை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அடமானம் உண்டானதா என்று கேட்கும்போது எண்ணத்தைத் தேடும் நீதிமன்றம், அது எந்தெந்தக் கடன்வரை நீளும் என்று கேட்கும்போது அச்சடித்த வாக்கியத்தோடு நின்றுவிட்டால் தேடல் பாதியில் அறுந்துபோகிறது. ஒரே வங்கியில் இரண்டு அடமானம் வைத்தவர் ஒன்றை மட்டும் தனியே மீட்கலாம் என்கிறது 61ஆவது பிரிவு. ஆனால் ‘மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அந்த மாறான ஒப்பந்தத்தை வங்கியே எழுதி, வங்கியே அச்சடித்து நீட்டுகிறது. கடன் வேண்டி நிற்கிறவர் அதில் ஒரு சொல்லையும் அடிக்க முடியாது.

ஜாமீனில் இது இன்னும் உறுத்துகிறது. ஜாமீன்தாரரை அவர் ஒப்புக்கொண்ட எழுத்துக்கு அப்பால் கட்டுப்படுத்த முடியாது என்று 1967இல் எம். என். கௌல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மைத்துனருக்காகக் கையெழுத்திட்டவர் ஜாமீன் பத்திரத்தில் வீட்டை ஈடாக வைக்கவில்லை; தன் பெயரில்தான் பொறுப்பேற்றார். வீட்டைப் பிணைக்கும் எழுத்து வேறொரு நாளில், வேறொரு தேவைக்காகப் போட்ட கையெழுத்தின் கீழ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து, அவர் எந்த ஒரு தாளிலும் நேராகச் சொல்லாத வாக்குறுதியைக் கட்டியெழுப்புவது, ஜாமீன்தாரருக்கு அந்தத் தீர்ப்பு தந்த காப்பைப் பறிப்பதாகும் என்பதே என் கருத்து.

வருங்காலக் கடனையும் பழைய கடனையும் ஒரே தட்டில் வைப்பதையும் ஏற்க முடியவில்லை. நாளைக்கு எவ்வளவு கடன் வாங்குவார் என்று வங்கிக்குத் தெரியாது. அதைப் பொதுவாக எழுதுவதில் நியாயம் உண்டு. அதற்கும்கூட, உச்சவரம்பைக் குறிப்பிட்டு எழுதும் வழியை 79ஆவது பிரிவு வைத்திருக்கிறது. பழைய கடனின் கணக்கு எண்ணும் தேதியும் பாக்கியும் வங்கிப் பேரேட்டிலேயே இருக்கின்றன. தெரிந்த ஒன்றை எழுதாமல் விட்டவர், எழுதாததன் பலனைக் கேட்கக் கூடாது. அமெரிக்கச் சட்ட நிறுவனம் 1997இல் வெளியிட்ட அடமானச் சட்டத் தொகுப்பும், முந்தைய கடன்களைப் போதிய தெளிவோடு விவரித்திருந்தால்தான் அவை அடமானத்துக்குள் வரும் என்கிறது.

ரிசர்வ் வங்கியின் விதிகள் இந்த இடைவெளியை ஓரளவே அடைக்கின்றன. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்கிறது 2023ஆம் ஆண்டின் உத்தரவு. ஆனால் வேறு பாக்கிக்காக வங்கிக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், முழு விவரத்தோடு அறிவிப்புக் கொடுத்துப் பத்திரத்தை நிறுத்திவைக்கலாம் என்று 2003ஆம் ஆண்டின் நியாய நடைமுறை விதி அனுமதிக்கிறது. அந்த உரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு மறுபடி அதே வாக்கியத்தின் பொருளில்தான் போய் நிற்கிறது.

பழைய கடனையும் ஜாமீனையும் பெயர் சொல்லி, தொகை சொல்லி எழுதாத அடமானம் அவற்றுக்குச் செல்லாது என்றே முதலில் கொள்ள வேண்டும். செல்லும் என்று வாதிடும் வங்கிதான் கடனாளியின் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும். நீதிமன்றங்கள் இதைப் பொது விதியாக்கினால் வங்கிக்குக் கூடும் வேலை, பத்திர ஒப்படைப்பைப் பதிவுசெய்யும் குறிப்பாவணமான எம்.ஓ.டி.யில் இரண்டு வரி. பதிவாகும் எம்.ஓ.டி.யில் அந்த வரிகளும் இருந்துவிட்டால், பின்னால் அந்த வீட்டை விலை பேச வருகிறவரும் அதன் நகலைப் பார்த்து, என்னென்ன பாக்கிக்கு வீடு ஈடாக நிற்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.