மூன்றாவது பின்

ஹை-ஃபை சிஸ்டங்களுக்கான பவர் கேபிள் மதிப்புரைகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். அவை ஒரு தனி இலக்கிய வகை. பேய்க்கதைக்கு இருப்பதுபோல இதற்கும் உறுதியான வடிவம் உண்டு. கதைசொல்லி முதல் பத்தியில் நாத்திகராக இருப்பார். கரெண்ட் வயரை மாற்றினால் பாட்டு எப்படி மாறும் என்பார். இரண்டாவது பத்தியில் பெட்டி திறக்கப்படும், உள்ளே மலைப்பாம்பு மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கும். மூன்றாவதில் அவருக்கு மனப்பாடமான ஒரு ரெக்கார்டு ஓடும். நான்காவதில் மதம் மாறிவிடுவார். ஐந்தாவதில், எதை மாற்றினார்கள் என்றே தெரியாத அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, இன்னைக்கு என்ன நல்லா கேக்குதே என்பார். உலகத்தின் எந்த மூலையில் எழுதினாலும் அந்த அடுக்களையும் அந்த மனைவியும் வந்துவிடுகிறார்கள். (அவர் ஏன் எப்போதும் அங்கேயே நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.)

சொற்களும் கிட்டத்தட்ட நிரந்தரம். பின்னணி கருமையானது, பாடகருக்கும் நமக்கும் நடுவில் இருந்த திரை விலகியது, வாத்தியங்களைச் சுற்றிக் காற்று வந்தது. ஒன்றையும் அளக்க முடியாது. அதில் தப்பில்லை. கவிதையைப் பற்றி எழுதும்போது நாமும் அளக்கிற சொற்களை வைத்து எழுதுவதில்லை. எனக்கு இந்த எழுத்தின் மேல் ஆர்வம் வந்ததே அதனால்தான். இவர்கள் எடுத்து ஆள்வது ரசனை விமர்சனத்தின் மொழி, அதாவது நம்முடைய மொழி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா விடவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர், அதற்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாயில் ஒரு பவர் கேபிள் பார்த்து வைத்திருந்தார். நீளம் ஒன்றரை மீட்டர்.

"நீதான் விமர்சனம்லாம் எழுதுதியே, இதப் படிச்சுட்டுச் சொல்லுடே. எழுதுனவன் பொய் சொல்லுதானா?"

படித்தேன். பொய் சொல்கிறவன் எழுத்தாக அது இல்லை. கேட்டதாக நம்பித்தான் எழுதியிருந்தார். எனக்குச் சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஒன்றரை மீட்டருக்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. இன்று நான்கு இயந்திரங்களில் 32 மெகாவாட். கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு. கயத்தாறு பக்கமும் முப்பந்தல் பக்கமும் காற்றாலைகள். எல்லாம் ஒரே கிரிட்டில் கலந்துவிடுகிறது. பாபநாசத்துக் கரெண்டில் குரல் குளிர்ச்சியாக இருக்கிறது, கூடங்குளத்துக் கரெண்டு கொஞ்சம் வறட்சி என்று இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதினால் ஆச்சரியப்பட மாட்டேன். கோபுரங்களில் அலுமினியக் கம்பி, துணைமின் நிலையம், பதினோராயிரம் வோல்ட் லைன், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து 230 வோல்ட்டாக வீட்டு சர்வீஸ் வயர், மீட்டர், பிறகு சுவருக்குள் செம்பு. இத்தனையும் தாண்டி வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் திருத்திவிடுமா என்பது வழக்கமான கேள்வி.

கேபிள்காரர்களிடம் இதற்குச் சாமர்த்தியமான பதில் ஒன்று இருக்கிறது. ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் அது கடைசி ஒன்றரை மீட்டர் அல்ல, முதல் ஒன்றரை மீட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் என்ன வருகிறது?

ஆம்ப் பெட்டியோடு சும்மா வருகிற மெல்லிய வயர் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்குச் சுமார் 26 மில்லி ஓம் மின்தடை. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று ஒன்றரை மீட்டருக்கு 78 மில்லி ஓம். தடித்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பானால் 24. மிச்சம் 54. ஆனால் மெயின் போர்டிலிருந்து அந்த சாக்கெட் வரை சுவருக்குள் ஓடுவது 15 மீட்டர் நீள 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். அது மட்டுமே 360 மில்லி ஓம். அதை எடுத்துவிட்டு 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்தால் 138 ஆகும். மிச்சம் 222, கேபிளில் மிச்சப்பட்டதைப் போல நான்கு மடங்கு.

நூறு வாட் இழுக்கிற ஆம்ப் அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. அந்தக் கணக்கில் கேபிளை மாற்றிக் காப்பாற்றும் வோல்ட்டேஜ் 0.02. சரி, ஆம்ப் சீராக இழுக்காது, அலையின் உச்சியில் மட்டும் கொத்தாக இழுக்கும், உச்சத்தில் ஐந்து ஆம்பியர் என்றே வைப்போம். அப்போதும் 0.27 வோல்ட். மாடி வீட்டில் போர் மோட்டார் போடும்போது நம் வீட்டுப் பல்பு ஒரு கணம் கண் சிமிட்டுகிறதே, அதில் இதைவிடப் பல மடங்கு போய்விடுகிறது. ஜப்பானில் சில ரசிகர்கள் தங்கள் வீட்டுக்கென்று தனி மின்கம்பமும் தனி டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டார்கள் என்று 2016-இல் செய்தி வந்தது. கிறுக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு தெரிந்த கிறுக்கு. தெருவோடு பகிர்ந்துகொள்கிற இடத்தில் போய்க் கையை வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்குக் கணக்கு புரிந்தது. "கணக்கு சரிடே. ஆனா காது கேக்குதே?" என்றார்.

காதைச் சான்றாக வைத்து வாதாடுவது திருநெல்வேலிக்குப் புதிது அல்ல. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் கூடியது. கம்பனை அங்கே வாய்விட்டுப் படித்தார்கள். டி.கே.சி.க்கு எது கம்பன் பாட்டு என்று சொல்ல ஏடு வேண்டாம், செவி போதும். ஓசை இடறினால், உணர்ச்சி பிசகினால், அது இடைச்செருகல். அப்படிப் பல பாடல்களைத் தள்ளினார், சிலவற்றில் சொற்களைத் திருத்தவும் செய்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிந்துபூந்துறையில் பிறந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை, தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். அவருக்குச் சுவடி வேண்டும், பாடபேதம் வேண்டும், காலம் வேண்டும். ஒரே ஆற்றங்கரையில் இரண்டு பேர்.

மனசளவில் நான் டி.கே.சி. கட்சி. ஏட்டை மட்டும் பார்க்கிறவர் பாட்டைத் தவறவிடுவார் என்ற பயம் எனக்கு உண்டு. கேபிள் மதிப்புரையாளரும் டி.கே.சி.யும் ஒரே ஆள்தானே, ஒருவரை ஏற்று மற்றவரை மறுப்பது எப்படி என்று சில நாள் மண்டையைக் குடைந்தது. வித்தியாசம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். டி.கே.சி. ஒரு பாட்டைத் தள்ளினால், அந்தப் பாட்டு அச்சில் இருக்கிறது. நான் எடுத்து வாசித்து, இல்லை ஐயா, இது நன்றாகத்தான் இருக்கிறது என்று சண்டை போடலாம். பலர் போட்டார்கள். அவருடைய ரசனை ஒரு கூட்டத்தின் நடுவே, எல்லாரும் பார்க்கக்கூடிய பிரதியின் மேல் வேலை செய்தது. கேபிள் மதிப்புரையோடு சண்டை போட முடியாது. எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை என்றால், உங்கள் சிஸ்டம் போதாது என்று பதில் வரும். கேபிள் இன்னும் பழகவில்லை, இருநூறு மணி நேரம் ஓட வேண்டும் என்று வரும். கடைசியில் உங்கள் காது பழகவில்லை. பாட்டு இல்லாத இடத்தில் பாட்டுக்கான மொழி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வையாபுரிப் பிள்ளை வேலையை இந்த விஷயத்தில் சிலர் செய்திருக்கிறார்கள். 2004-இல் கலிஃபோர்னியாவில் ஒரு ரசிகர் சங்கத்தை உட்காரவைத்து, இரண்டாயிரம் டாலருக்கும் மேல் விலையுள்ள பவர் கேபிளையும் சாதாரண வயரையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். மொத்தம் 149 பதில்கள். சரியானவை 73. காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

நாங்களும் செய்தோம். கடைக்காரர் அந்தக் கேபிளை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். நான் காசு சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது என்று மாட்டி, ஆம்புக்குப் பின்னால் துணியைப் போட்டு மூடிவிடுவேன். சித்தப்பா திண்ணையிலிருந்து வந்து உட்கார்ந்து கேட்பார், எழுதுவார், வெளியே போவார். பத்துத் தடவை. ஆறு சரி. முகம் மலர்ந்தது. பிறகு அவரே பழக்கதோஷத்தில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஆறோ அதற்கு மேலோ சரியாக வர 1024-இல் 386 வாய்ப்பு. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பது வந்திருந்தால் நான் மடித்து வைத்திருப்பேன். ஒன்பதோ பத்தோ தற்செயலாக வர நூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு.

கேட்டதாகச் சொன்னதெல்லாம் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். வயரை மாற்றுகிறபோது பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறோம். தளர்ந்து, பாசி பிடித்த பின் அந்த உரசலிலேயே சரியாகிவிடுவது உண்டு. பழைய வயரைப் பிடுங்கி அதையே மாட்டினாலும் அந்தப் பலன் கிடைக்கும். அதோடு, முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பொருளை மாட்டிவிட்டு யாரும் சுழலும் மின்விசிறிக்குக் கீழே செல்போனை நோண்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதில்லை. விசிறியை அணைத்து, கதவைச் சாத்தி, உட்கார்ந்து கேட்கிறோம். நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் சித்தப்பா எதற்காகக் கேபிள் தேடினார் என்று நான் கேட்காமலே இருந்திருக்கிறேன். ஸ்பீக்கரில் ஒரு 'ம்ம்ம்' இருந்தது. பாட்டு இல்லாதபோது ஈ ரீங்கரிப்பதுபோல ஒரு அடிச்சத்தம். அவர் கேட்பது பெரும்பாலும் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவி தாண்டி ஆற்றோரம் இருக்கிற காருகுறிச்சிக்காரர், 1964-இல் மறைந்தவர். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி குரலோடு வரும் நாகஸ்வரம் அவருடையது. கச்சேரிப் பதிவுகள் எல்லாம் மோனோ, நாடாவின் இரைச்சலோடு சேர்ந்தவை. அங்கே கருமையான பின்னணி எந்தக் கேபிளாலும் வராது. பதிவிலேயே ஊர்ச் சத்தம் இருக்கிறது, அது இருக்கட்டும். ஆனால் ஆலாபனையில் அவர் ஒரு ஸ்வரத்தை நிறுத்தி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கரைக்கும் இடம் வரும். அந்த இடத்தில் இந்த 'ம்ம்ம்' வந்து உட்கார்ந்துகொண்டது. சித்தப்பாவின் குறை நியாயமானது.

அந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே ஒருத்தர் வைத்தியம் சொல்லியிருந்தார். பிளக்கில் மூன்றாவது பின்னை, அந்தத் தடித்த பின்னை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று. எர்த்தைத் துண்டிப்பது. ஹை-ஃபை உலகத்தில் வாய்மொழியாக உலவுகிற பழைய யோசனை இது. சில வேளை சத்தம் நிற்கவும் செய்யும். ஆம்பின் உடம்பு இரும்பு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு ஒருநாள் தேய்ந்து ஃபேஸ் அந்த உடம்பைத் தொட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியே போகும். இல்லாவிட்டால் வால்யூமைத் திருப்பக் கை வைக்கிறவர் வழியாகப் போகும். இத்தனை மதிப்புரைகள் படித்தேனே, திரை விலகியது பற்றி எத்தனை பத்தி, இதைப் பற்றி ஒரு வரி பார்த்த ஞாபகம் இல்லை.

எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். அவர் சாக்கெட்டைப் பார்க்குமுன் புறங்கையால் ஆம்பைத் தொட்டார். "சுணைக்கில்லா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். ஆமாம், ரொம்ப நாளாக எறும்பு ஊருவது மாதிரி இருக்கிறது, பழகிவிட்டது என்றார் சித்தப்பா. அண்ணாச்சி சாக்கெட்டைக் கழற்றினார்.

"எர்த்துக்கு ஓட்ட இருக்கு தம்பி. வயரு இல்ல."

மூன்று ஓட்டை உள்ள சாக்கெட்டில் இரண்டுக்குப் பின்னால் மட்டும் கம்பி. செட்டாப் பாக்ஸ், டி.வி., சிடி பிளேயர் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து, அவற்றின் கசிவு மின்சாரம் போக வழியில்லாமல் ஆம்பின் உடம்பில் வந்து நின்றிருக்கிறது. சுணைப்பும் அதுதான், ரீங்காரமும் அதுதான். இதில் அந்த முப்பத்தெட்டாயிரத்தை மாட்டினால் என்ன ஆகும்? அதன் பெருமையே மேலே பின்னியிருக்கிற கவசம். கவசம் எர்த்தோடு சேர வேண்டும். இங்கே சேர எதுவும் இல்லை.

இரவல் விமர்சனத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. அந்த மதிப்புரைகள் எழுதப்படுகிற வீடுகளில் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் கம்பி இருக்கும் என்பது சொல்லவே வேண்டாத விஷயம். சொல்லப்படாததால் மொழியோடு சேர்ந்து அது நமக்கு வரவில்லை. சொற்கள் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. கோட்பாடுகளை இறக்குமதி செய்து கதைகளை வாசிக்கிற நம் கட்டுரைகள் சிலவற்றிலும் எனக்கு இந்த வாடை அடிக்கும். அது வேறு கட்டுரை.

கொல்லையில் எர்த் குழி தோண்டினார்கள். குழாயை இறக்கி, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். பாளையங்கோட்டை மேட்டு நிலம், வண்ணாரப்பேட்டை ஆற்றுப்படுகை மாதிரி ஈரம் நிற்காது, ஆகவே கொஞ்சம் ஆழம். அங்கிருந்து எர்த், மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன், ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று, எர்த் குழியை மட்டும் நம்பினால் சாதாரண டிரிப் சுவிட்ச் விழுகிற அளவு மின்சாரம் ஓடாமல் போகலாம் என்பதால். செட்டாப் பாக்ஸையும் மற்றதையும் அதே போர்டுக்கு மாற்றினோம். இரண்டு இடத்தில் எர்த் எடுத்தால் வேறு விதமாக ரீங்காரம் வரும். எல்லாம் சேர்த்துக் கேபிள் விலையில் பாதி ஆகவில்லை.

சத்தம் நின்றது. இதற்குப் பயிற்சி பெற்ற காது வேண்டியிருக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையனே சொன்னான். ஸ்வரம் கரைகிற இடம் இப்போது கடைசிவரை கேட்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது பதிவின் இரைச்சல்.

ஆம்புக்கு இப்போது ஓடுவது ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். சில நூறு ரூபாய். ஒரு முனையில் மூன்று பின்னும் உள்ள பிளக், மறுமுனையில் ஆம்பில் செருகும் முனை, இரண்டையும் அண்ணாச்சியே மாட்டிக்கொடுத்தார். சித்தப்பாவுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை, மிக்ஸி வயர் மாதிரி இருக்கிறது என்கிறார். சித்திரை, வைகாசியில் மட்டும் எர்த் குழியில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி.