இரண்டில் எது? திரைப்பட ரசனையும் தரவரிசைத் தளங்களும்

பிடித்த படங்களை வரிசைப்படுத்தும் இணையதளத்துக்குள் ஒருமுறை நுழைந்தவர் லேசில் வெளியே வருவதில்லை. உலகத் திரைப்பட விழா பார்க்கச் சென்னைக்கு வண்டியேற வேண்டிய பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களின் ரசிகருக்கு வழிகாட்டியும் பேச்சுத்துணையும் பெரும்பாலும் கைபேசிதான். நானும் இந்த வலையில் விழுந்தவன். இதனால் ரசனை வளர்கிறதா என்பதே என் கேள்வி.

தரவரிசை முறைகளில் மூத்தது, விஷயம் தெரிந்தவர்களைக் கேட்பது. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கு வாங்குகிறது. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்தில் இருந்தது. 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ஷாந்தால் அகெர்மனின் ‘ழான் தீல்மான்’ என்று தலைமை மாறியது. நமக்குப் பழகிய முறை ஆனந்த விகடன் போட்ட மதிப்பெண். 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 இன்றும் சினிமாப் பேச்சில் அடிபடுகிறது.

அடுத்து வந்தது கூட்டத்தின் வாக்கு. ஐஎம்டிபி இணையதளத்தின் முதல் 250 படங்களுக்குள் வர ஒரு படத்துக்குக் குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும். ‘நாயகன்’ அந்த வாசலைத் தாண்டியது. நல்ல பெயர் வாங்கியும் வாக்குச் சேராத பழைய படங்கள் வெளியிலேயே நிற்கின்றன.

ஆளை விடாமல் பிடித்துக்கொள்வது இன்னொரு முறை. ஃபிளிக்சார்ட் என்ற தளம் இரண்டு சுவரொட்டிகளை அருகருகே வைத்து, எது மேல் என்று கேட்கும். பட்டியலில் கீழே இருந்த படம் வென்றால், தோற்ற படத்தின் இடத்துக்கு ஏறிவிடும். நூறு படங்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் 4,950 ஜோடிகள். புதிய படத்தை நடுவிலிருந்து பாதி பாதியாக ஒப்பிட்டு நுழைத்தால், ஏழு கேள்விகளுக்குள் அதன் இடம் தெரிந்துவிடும். ஒன்றை முடித்தால் அடுத்த ஜோடி தயாராக நிற்கும். பட்டியல் முடிவதே இல்லை.

நமக்கு இது புதிய ஆட்டமல்ல. எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா, விஜயா அஜித்தா என்று டீக்கடைதோறும் நடந்த வழக்குதான். ஆனால் அங்கே படம் வருமுன்பே நாயகனின் பெயர் தீர்ப்பைச் சொல்லிவிடும். தளம் அந்தச் சார்பைச் சோதிக்கிறது. ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள் எதிரெதிரே வந்தால் கட்சி கட்ட முடியாது, படத்தைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதல் படத்தின் முடிவில், ஊரே உடன் வரக் கல்யாணத்துக்குப் போகும் வள்ளி, தனியாக நிற்கும் அண்ணன் காளியிடம் ஓடி வருகிறாள். அடுத்த படத்தில், ஊரே திரண்டு, கொடியவனான சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்க வைக்கிறது. ஒரு மனிதன், எதிரே ஊர். ஒன்றில் பாசம் ஊரை மீறுகிறது. மற்றதில் நல்லவர்களான ஊராரும் அவனைப் போலவே கொடியவர்களாகிவிடுகிறார்கள். நான் ‘உதிரிப்பூக்கள்’ பக்கம். அது பார்க்கிற நம்மையும் கூட்டத்தில் ஒருவராக நிறுத்திவிடுகிறது. இந்தக் காரணத்தை என் வாயிலிருந்து வரவழைத்தது அந்த ஜோடிதான். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஐந்து போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

குறைகளும் உண்டு. பார்க்கக் கிடைக்காத படத்துக்கு இடமில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ பிரதியே இல்லாமல் போய்விட்டது. அதை எந்தப் பட்டியலிலும் எவரும் சேர்க்க முடியாது. அதைவிடப் பெரிய குறை, தளம் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு காரணத்தைக் கேட்காமல் விடுவது. பட்டிமன்றத்தில் நடுவர் காரணம் சொல்லாமல் தீர்ப்பளித்தால் அவையில் ஒருவரும் ஏற்க மாட்டார்கள்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன, மேடையும் கூட்டமும் இருக்கின்றன. அங்கே ஓர் இரவு இரண்டு படங்களைத் திரையிட்டு, மறுநாள் மாலை எது மேல், ஏன் என்று ஊரார் பேசட்டும். படத்தை மறுபடி பார்க்கவும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் வைக்கிற தரவரிசைதான் ரசனையை வளர்க்கும்.